முதல் வரிசை, ஏழாவது கதிரை

இதை நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது லண்டனில். 2023 நவம்பர் 19 தொடங்கி அடுத்த பிப்ரவரி வரை. நாள், நேரம், இடம் எல்லாம் கீழே இருக்கிறது. பெயர்கள் மட்டும் மாற்றப்பட்டிருக்கின்றன. மற்றபடி ஒரு சொல்லும் கூட்டவில்லை.

நடந்தது நிருஜனுக்கு.

நிருஜனுக்கு முப்பத்திரண்டு வயது. மூன்று வருடம் ஒரு பாண் சுடுகிற தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் செய்தான். ஒருநாள் விடிய நாலு மணிக்குக் கையுறையைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு வெளியே வந்தவன், திரும்பிப் போகவில்லை. வேலை போனது. நித்திரை மட்டும் பழைய ஷிப்டிலேயே நின்றுவிட்டது. இரவில் முழித்திருப்பான். பகலில் செத்தவன் மாதிரிப் படுப்பான். கோலியர்ஸ் வுட்டில் ஒரு வாடகை அறை. பெரிதாகச் சிநேகிதர்கள் இல்லை. அவனுக்கென்று இருந்தது ஒரே ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலிலிருந்து ஐந்து மணிவரை, ஒரு சின்னத் தமிழ் வானொலியில் கலை நிகழ்ச்சி. சம்பளம் கிடையாது. ஆனால் கடையில் பால் வாங்கும்போது யாராவது திரும்பிப் பார்த்து, “குரல் தெரிஞ்ச குரலாக் கிடக்கு” என்பார்கள். அதுதான் அவன் சம்பளம்.

அரங்கேற்றம், நூல் வெளியீடு, நாடகம் என்று லண்டனில் கிழமைக்கு நாலு நடக்கும். நிருஜன் எதற்கும் போவதில்லை. அவனுக்குச் சங்கீதம் தெரியாது. பரதம் தெரியாது. விழா மலரைத்தான் முன்கூட்டியே வாங்கி வைப்பான். அதில் பெயர் இருக்கும், குருவின் பெயர் இருக்கும், பிரமுகர்களின் வாழ்த்துச் செய்தி இருக்கும். ஞாயிறு வந்ததும் மலரைப் பார்த்து, போய்வந்தவன் மாதிரியே பேசுவான். முடிவில் எப்போதும் அதே நாலு வசனம்:

“மண்டபம் நிறைந்த சபை. கடைசிவரை ஒருவரும் எழுந்து போகவில்லை. முடிவில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த நாதம் கேட்டவர் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.”

நடனம் என்றால் நாதத்தை எடுத்துவிட்டுச் சலங்கையைப் போடுவான். நாலு வருடத்தில் ஒருவரும் குறை சொன்னதில்லை. பாராட்டினால் யார் கேட்கப் போகிறார்கள்?

நவம்பர் 19. நிகழ்ச்சி முடிந்து 5.04க்குப் படியிறங்கினான். வானொலி இருப்பது ஒரு சாறிக்கடைக்கு மேலே. கீழே, பூட்டிய கடைவாசலில் ஒரு ஆள் மழையில் நின்றார். கட்டையான, தடித்த உடம்பு. கையில் உறையோடு ஒரு விழா மலர்.

“தம்பி நிருஜன்?”

“ஓம்.”

“நான் கொட்வின். மோர்டனிலை இருக்கிறன். நாலு வருசமா உங்கடை நிகழ்ச்சி கேக்கிறன்.”

“சந்தோசம் அண்ணை.”

“சந்தோசப்படாதேங்கோ. நாலு வருசத்திலை ஒருத்தரும் பிழையா வாசிக்கேல்லை, ஒருத்தரும் பிழையா ஆடேல்லை. லண்டனிலை அவ்வளவு வித்துவான்களே?”

நிருஜன் சிரித்து மழுப்பினான். கொட்வின் சிரிக்கவில்லை.

ஒரு மொத்தக் கடையின் களஞ்சியத்தில் பெட்டி தூக்குகிறவர். முப்பத்தைந்து வயதில் மிருதங்கம் பழகத் தொடங்கினார். இப்போது நாற்பத்தாறு. பதினொரு வருடம், ஒவ்வொரு வெள்ளியும் மோர்டனிலிருந்து லண்டனின் மறுகோடி எட்மண்டன் வரை ரயில் மாறிப் போய்ப் பழகியிருக்கிறார். வருகிற சனிக்கிழமை அரங்கேற்றம். பிள்ளைகளுக்குத் தகப்பன்மார் செய்கிற அரங்கேற்றத்தை இவர் தனக்குத் தானே செய்கிறார்.

“வீட்டிலை அக்கா மட்டும்தான். அவவுக்கு மிருதங்கமும் ஒண்டு, பெட்டியிலை தட்டுறதும் ஒண்டு. பழக்கிற சேரிட்டைக் கேட்டால் பிரமாதம் எண்டிறார். எனக்கு நம்பிக்கையில்லை. எங்கையோ பிழைக்குது. எது எண்டு பிடிபடேல்லை. நீங்கள் வந்து இருந்து கேளுங்கோ. முதல் வரிசை, ஏழாவது கதிரை. உங்கடை பேர் ஒட்டி வைப்பன். பிழையெண்டால் ரேடியோவிலை பிழையெண்டு சொல்லுங்கோ. பொய் மட்டும் சொல்லாதேங்கோ.”

“கட்டாயம் வாறன் அண்ணை.”

எல்லோருக்கும் சொல்கிற பதில்தான். கொட்வின் மலரைக் கொடுத்துவிட்டுக் கை கொடுத்தார். நகங்களுக்கு இடையில் வெள்ளையாக ஏதோ காய்ந்து கிடந்தது. நிருஜன் அதைப் பார்த்ததை அவர் பார்த்தார்.

“ரவை தம்பி. குழைச்சு இடப்பக்கத் தோலிலை அப்பினால்தான் மிருதங்கத்துக்கு அடிக்குரல் வரும். எவ்வளவு கழுவினாலும் போகாது.”

சனிக்கிழமை நிருஜன் போகவில்லை. படுத்திருந்தான். எழும்பும்போது இரவு 9.10. அரங்கேற்றம் முடிந்திருக்கும். ஒன்றும் தோன்றவில்லை. திரும்பிப் படுத்தான்.

26ஆம் தேதி ஞாயிறு, 4.26. மலரைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினான். குருவின் பெயர் கோபாலகிருஷ்ணன். மண்டபம் மோர்டனில். “விரல்களா, மின்னலா” என்றுகூட ஒன்று சேர்த்தான். பிறகு அந்த நாலு வசனம். நேயர் அழைப்பு விளக்கு எரிந்தது. 4.31. எடுத்தான். நேரடி ஒலிபரப்பு.

“வணக்கம், யார் கதைக்கிறீங்கள்?”

“தவமலர். மோர்டன்.” வயதான பெண்குரல். மூச்சு வாங்கியது. “தம்பி, நீங்கள் எந்த மண்டபத்துக்குப் போனனீங்கள்?”

“அம்மா, நேற்று... கொட்வின் அண்ணையின்ரை—”

“நான் கொட்வின்ரை அக்கா. என்ரை தம்பி வெள்ளிக்கிழமை செத்துப்போனான். வகுப்பு முடிஞ்சு வரேக்கை, ரயிலிலை. மோர்டனிலை எல்லாரும் இறங்கிட்டினம். அவன் மிருதங்கத்தை மடியிலை வைச்சபடி இருந்திருக்கிறான். மண்டபம் பூட்டிக் கிடந்தது. சனம் எழும்பி நிண்டு கை தட்டினதோ? யாரடா தட்டினது? சொல்லு. யார் தட்டினது?”

நிருஜன் லைனை வெட்டினான். ஒரு பாட்டைப் போட்டான்.

இதில் கேவலம் என்னவென்றால், அந்த மரண அறிவித்தலைச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வாசித்ததே அதே வானொலிதான். நிருஜன் நித்திரையில் கிடந்தான்.

நிலையத்தை நடத்துகிறவர் ஸ்ரீஸ்கந்தராஜா. எல்லோருக்கும் சிறீ அண்ணை. 4.40க்கே போன் வந்தது.

“செத்தவனை மேளம் அடிக்க வைச்சிட்டாயடா. நாப்பது பேர் எனக்கு அடிச்சிட்டாங்கள். வாற ஞாயிறு நாலு மணிக்கு மன்னிப்புக் கேள். நான் எழுதித் தாறன், அதை அப்பிடியே வாசி. இல்லாட்டித் திறப்பைத் தந்திட்டு நட.”

“வாசிக்கிறன் அண்ணை.”

அந்தத் திறப்பை, நிலையத்தின் சாவியை, விட்டால் அவனுக்கு ஒன்றும் இல்லை. அது அவனுக்கும் தெரியும், சிறீ அண்ணைக்கும் தெரியும்.

டிசம்பர் 3, ஞாயிறு. 3.50க்கே இருட்டிவிட்டது. சாறிக்கடை பூட்டு. மாடியில் அவன் மட்டும். ஒலிபரப்பு அறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மேசை, ஒரு மைக், ஒரு கணினி, ஒரே ஒரு கதிரை. சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. பின்சுவர் கை நீட்டினால் தொடும் தூரம்.

4.00. நிகழ்ச்சி இசை ஓடியது. 4.01. மைக்கைத் திறந்தான். சிறீ அண்ணை எழுதிக் கொடுத்த தாளை எடுத்தான். “அன்பான நேயர்களே” என்று வாய் திறந்தான்.

டக்.

கீழே கதவை யாரோ தட்டுகிறார்கள் என்று நினைத்தான்.

டக்... டக்...

கீழே இல்லை. ஹெட்போனுக்குள். மரக்கட்டையில் கல்லால் தட்டுகிற சத்தம். தட்டிவிட்டு, தோலில் விரலால் ஒரு சுண்டு. பிறகு மறுபடி தட்டு. யாரோ அவசரமே இல்லாமல் சுருதி சேர்க்கிறார்கள்.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான்.

டக்... டக்...

சத்தம் குறையவில்லை. இப்போது இடது காதோரம்.

எல்லா விசையையும் கீழே இழுத்தான். கணினி ஒலியை நிறுத்தினான். மணி 4.07. மேசையில் கை ஊன்றியபோது ஏதோ ஒட்டியது. ஈரம். விரலைத் தூக்கிப் பார்த்தான். வெள்ளையாக, குருணி குருணியாக.

ரவை. அப்போதுதான் குழைத்தது.

எழும்பி ஓடியிருக்க வேண்டும். ஓடத்தான் நினைத்தான். அந்த நேரம் பின்னால் ஒரு கதிரை இழுபட்டது.

அந்த அறையில் ஒரு கதிரைதான். அதில் அவன் இருந்தான்.

இன்னொரு கதிரை. இன்னும் ஒன்று. பிறகு பத்து, இருபது. பட்டுச்சேலைகள் சரசரத்தன. ஒரு ஆள் இருமினார். யாரோ வந்து இருக்க, யாரோ காலை மடக்கி வழி விட்டார்கள். மண்டபம் நிறைகிற சத்தம். கேட்டவர்களுக்குத் தெரியும்.

அவன் திரும்பவில்லை.

4.19. கணினித் திரை தானாக அணைந்து கறுத்தது. கறுத்த கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் சுவர் இல்லை.

வரிசை வரிசையாக ஆட்கள். கடைசி வரிசை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

அவர்கள் மேடையைப் பார்க்கவில்லை.

அவனைப் பார்த்தார்கள்.

மிருதங்கம் தொடங்கியது.

எழும்பப் பார்த்தான். கால் எழும்பவில்லை. இடுப்புக்குக் கீழே ஈரச் சாக்கு மாதிரிக் கிடந்தது. அவனுடைய வசனமே அவனுக்கு ஞாபகம் வந்தது. கடைசிவரை ஒருவரும் எழுந்து போகவில்லை.

4.31. போன வாரம் தவமலர் அழைத்த அதே நிமிடம். அழைப்பு விளக்கு எரிந்தது. எட்டி எடுக்கக் கை நீட்டப் பார்த்தான். கை போகவில்லை. அது தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. ஒரு தட்டு, விரல் எண்ணுதல், மறுபடி தட்டு, திருப்பு. தாளம். அவனுக்குத் தாளம் தெரியாது. கைக்குத் தெரிந்திருந்தது.

4.44. வேகம் கூடியது.

4.52. இன்னும் கூடியது. மேசையில் தாள் நடுங்கியது.

4.56. மூன்று முறை ஒரே அடி.

ஒன்று...

இரண்டு...

மூன்று...

நின்றது.

4.57.

பின்னால் எல்லோரும் எழும்பினார்கள். கதிரைகள் ஒரே நேரத்தில் பின்னே போயின. கை தட்டினார்கள். ஈரக் கைகள் தட்டுகிற மாதிரி, மொத்தையாக.

பிறகு அதுவும் நின்றது.

மழையில் நனைந்த மாவு வாசம்.

இடது காதுக்குப் பக்கத்தில், மிகப் பக்கத்தில்...

“சொல்லுங்கோ தம்பி.”

தெரியாது என்று சொல்லத்தான் நினைத்தான். எனக்கு ஒரு கோதாரியும் தெரியாது, நான் வரவில்லை, பொய் சொன்னேன் என்று. வாய் திறந்தது. நாலு வருடம் பழகிய வாய்.

“மண்டபம் நிறைந்த சபை... கடைசிவரை ஒருவரும் எழுந்து போகவில்லை...”

நாலு வசனமும் வந்தது. நிறுத்த முடியவில்லை.

ஒரு மூச்சு மட்டும் கேட்டது. பெட்டி தூக்கிக் களைத்த ஆளின் மூச்சு.

டக்.

டக்... டக்...

முதலிலிருந்து.

சிறீ அண்ணை 5.20க்கு வந்து கதவைத் திறந்தார். நிருஜன் கதிரையில் தொடையில் தட்டியபடி இருந்தான். கால்சட்டை அந்த இடத்தில் தேய்ந்திருந்தது. தோல் கன்றிக் கறுத்திருந்தது.

“என்னடா செய்து வைச்சிருக்கிறாய்?”

வானொலியில் கேட்டது இதுதான்: 4.01க்கு “அன்பான நேயர்களே.” பிறகு ஐம்பத்தேழு நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. 4.58க்கு, கீழே இழுத்து மூடிய மைக்கில், நிருஜனின் குரல் தெளிவாக வந்தது. மன்னிப்பு இல்லை. அதே நாலு வசனம்.

சிறீ அண்ணை திறப்புக்குக் கை நீட்டினார். நிருஜன் கொடுத்தான். விளக்கம் சொன்னால் கேட்கிற முகம் இல்லை அது.

நிகழ்ச்சி போனது. மிருதங்கம் போகவில்லை.

இடது காதில் முப்பத்தெட்டு நிமிடம் ஓடும். நிற்கும். “சொல்லுங்கோ.” அவன் ஏதாவது சொல்வான். மறுபடி டக்... டக்... இரவு பகல் இல்லை. நல்லாயிருக்குது என்று சொன்னான். தொடங்கியது. பிழை என்று சொன்னான். எது பிழை என்று சொல்லத் தெரியவில்லை. தொடங்கியது. மன்னியுங்கோ என்று அழுதான். அதற்கும் தொடங்கியது. அந்த ஆள் மன்னிப்பைத் தேடி வரவில்லை.

ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாளுக்கு மேல். நித்திரை இல்லை. எட்டுக் கிலோ குறைந்தான்.

ஜனவரி 9, செவ்வாய். டூட்டிங்கில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் காது பார்ப்பார்கள். போனான். ஒரு வெள்ளைக்காரப் பெண். சின்னக் குழாய் ஒன்றைக் காதுக்குள் வைத்தாள். அதில் மைக் இருக்கிறதாம். திரையைப் பார்த்தாள். புருவம் சுருங்கியது.

“உங்கள் போனை நிறுத்துங்கள்.”

“நிறுத்தித்தான் இருக்கிறது.”

நாடித் துடிப்புத்தானோ என்று அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். இரண்டும் சேரவில்லை. மெதுவாக ஒலியைத் திறந்தாள். ஒலிப்பெட்டியிலிருந்து மிருதங்கம் கேட்டது. இரண்டு பேருக்கும் கேட்டது.

அவள் குழாயை இழுத்து எடுத்தாள். கையைக் கழுவினாள். காசு வேண்டாம், இனி இங்கே வர வேண்டாம் என்றாள்.

அதற்குள் அவன் போனைத் திரும்பப் போட்டு ஒன்றரை நிமிடம் பதிந்திருந்தான். கடைசிப் பகுதி.

ஜனவரி 13, சனிக்கிழமை. மலரில் இருந்த விலாசத்தைப் பிடித்துக்கொண்டு எட்மண்டன் போனான். கோபாலகிருஷ்ணன் வீடு. சென்னைக்காரர். அறுபது இருக்கும். முன்னறையில் மிருதங்கங்கள் உறை போட்டு வரிசையாக நின்றன. வகுப்பு முடிந்து பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள்.

“உக்காருங்க தம்பி. என்ன விஷயம்?”

நிருஜன் போனை மேசையில் வைத்துப் பதிவை ஓடவிட்டான். கோபாலகிருஷ்ணன் தலையசைத்துக் கேட்டார். பாதியில் தலையசைப்பு நின்றது.

“எப்ப எடுத்தீங்க இதை?”

“போன செவ்வாய்.”

“விளையாடாதீங்க. கொட்வின் போய் ஏழு வாரம் ஆச்சு. அந்த மிருதங்கமும் அவரோட பெட்டியில வச்சு மண்ணுக்குள்ள போயாச்சு. நான்தான் அதை அவருக்கு வாங்கிக் குடுத்தேன். அது சத்தம் எனக்குத் தெரியாதா?”

“அவர்தான் எண்டு எப்பிடிச் சொல்லுறீங்கள் சேர்?”

“முடிவுல கோர்வைன்னு ஒண்ணு. மூணு தடவை வாசிச்சு முடிக்கணும். மூணாவது தடவை அவசரப்பட்டு ஒரு அட்சரம், அதாவது ஒரு தாள எண்ணிக்கை, முன்னாடியே வந்து விழுந்துடுவார். அஞ்சு வருஷமா அதே தப்பு. அதே எடம். வேற யாரும் அப்படி விழமாட்டாங்க.”

“அதை அவரிட்டைச் சொன்னனீங்களா?”

கோபாலகிருஷ்ணன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

“வயசான அப்புறம் கத்துக்க வந்தவர். ஆசையா வந்தார். சொன்னா உடைஞ்சு போயிடுவார்னு... அந்த வெள்ளிக்கிழமைகூடக் கேட்டார். எங்கயோ தப்பாகுது சார், எதுன்னு சொல்லுங்கன்னு. பிரமாதம்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

நிருஜன் கண்ணை மூடினான். காதில் அந்த மூன்று அடி வந்துகொண்டிருந்தது. ஒன்று... இரண்டு... மூன்று... நின்றது. கைதட்டல். மாவு வாசம்.

“சொல்லுங்கோ தம்பி.”

சத்தமாகவே சொன்னான்.

“கொட்வின் அண்ணை. கடைசிக் கோர்வை மூண்டாந்தரம் ஒரு அட்சரம் முந்தி விழுது. நீங்கள் பிழையா வாசிச்சனீங்கள். நான் கேட்டனான்.”

அமைதி.

ஏறக்குறைய ஆறு கிழமைக்குப் பிறகு, முதல் அமைதி. தெருவில் கார் போவது கேட்டது. சமையலறையில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. நிருஜன் காத்திருந்தான். டக் வரவில்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மணி 6.12.

கோபாலகிருஷ்ணன் தலையைச் சாய்த்தார். இடது காதைச் சுண்டுவிரலால் குடைந்தார்.

“தம்பி... வாசல்ல யாராவது கதவைத் தட்டறாங்களா?”

சுண்டுவிரலை வெளியே எடுத்துப் பார்த்தார். நுனியில் வெள்ளையாக ஏதோ ஈரமாக ஒட்டியிருந்தது. வேட்டியில் துடைத்தார்.

“இல்லை சேர்,” என்றான் நிருஜன். “ஒருத்தருமில்லை.”

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். அன்று இரவு, வேலையை விட்டபின் முதல் தடவையாக, இரவில் நித்திரை கொண்டான்.

பிப்ரவரியில் கோபாலகிருஷ்ணன் வகுப்புகளை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டான். அங்கே மகளைப் பழக விட்டிருந்த றூபினி என்கிற பெண் சொன்னாள். சேருக்கு உடம்புக்கு ஏதோ வருத்தமாம். யார் வந்தாலும் கதவைத் திறந்து பார்க்கச் சைகை காட்டுகிறாராம். பேச்சு வராதாம். வாய் திறந்தால் ஒரே ஒரு சொல்தான் வருகிறதாம். “பிரமாதம்.” சொல்லிவிட்டு அழுகிறாராம்.

அவர் கொட்வினுக்குச் சொல்ல வேண்டியது என்னவென்று நிருஜனுக்குத் தெரியும். மலரின் பின் அட்டையில் சேரின் போன் நம்பரும் இருக்கிறது.

நிருஜன் இன்றுவரை அழைக்கவில்லை.